ஒற்றைக் காது வளையம்

“கால மடக்கி, முதுக நேரா வெச்சு உக்காருங்க அம்மணி. கூனிராதீங்க,” என்றார் கிட்டுசாமி. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டிருந்தார். அதன் மேல் சுகந்தி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாற்பத்தொரு வயதில், கணபதியில் ஒரு தகரக் கூரைப் பட்டறையின் நடுவே, வெல்டிங் நெடியில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் உச்சந்தலையில் அட்டையை வைத்து அழுத்தி டேப்பைத் தரைவரை இழுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் உயரம் எடுக்கும்போது குதிகாலைத் திருட்டுத்தனமாக ஓர் அங்குலம் தூக்குவாள். உட்கார்ந்த பிறகு எதைத் தூக்குவது. “எம்பத்திரண்டு,” என்று சொல்லிவிட்டு அவர் சாக்கட்டியால் தரையிலேயே எழுதினார். அவளுடைய மேல்பாதி முழுவதும், அதில் இருக்கிற அத்தனை யோசனையும் சேர்த்து, எண்பத்திரண்டு சென்டிமீட்டர்தான். சுவரில் ஆணிகளில் மூன்று இரும்பு வளையங்கள் தொங்கின. எண்பத்தைந்து, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. சர்க்கஸில் பெண்கள் உச்சியிலிருந்து தொங்கும் வளையத்தில் ஏறி உட்கார்ந்தும் கவிழ்ந்தும் வித்தை காட்டுவார்களே, அதேதான். அதில் ஒன்றை வீட்டில் மாட்டிப் பழகுவதற்காக வாங்க வந்திருந்தாள். கண் என்னவோ போனது பெரியதற்குத்தான். அது பழக்க தோஷம். அம்மா எதையும் அவள் அளவுக்கு வாங்கியதே கிடையாது. செருப்பு ஒரு சைஸ் பெரிது, முனையில் பஞ்சு அடைத்துப் போட வேண்டும். யூனிஃபார்ம் பாவாடைக்கு மூன்று மடிப்பு. ரவிக்கையில் உள்ளே இரண்டு தையல் விட்டுத் தைக்கச் சொல்வாள். வளர்ற புள்ள, பின்னால ஆகும் என்பாள். பின்னால் ஆகும், பின்னால் ஆகும் என்றே சட்டைகள் அவள் உடம்புக்குச் சரியாக வருவதற்குள் சாயம் போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் வீட்டையும் கட்டினார்கள். இரண்டு பேருக்கு இரண்டு அறை போதாதா என்று கொத்தனாரே கேட்டார். மூன்றாவதாக ஒரு சின்ன அறை, பின்னால் ஆகும். சுகந்தி யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டு எழுந்து, சுடிதாரைத் தட்டிவிட்டு, “தொண்ணூறுங்ணா. இனி வளரப் போறதில்ல,” என்றாள். கிட்டுசாமி சிரித்தார்.

ஆனால் அளவு முடிந்தால் வேலை முடிந்துவிடுமா என்ன. காது இருக்கிறதே. வளையத்தின் மேல்பக்கம் கயிற்றை மாட்டுவதற்காகப் பற்றவைக்கும் இரும்புக் கண்ணியைத்தான் பட்டறையில் காது என்றார்கள். ஒற்றைக் காது என்றால் உச்சியில் ஒன்று. ஒரே கயிறு, ஒரே கொக்கி, பம்பரமாகச் சுற்றும். இரட்டைக் காது என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டு கயிறு, இரண்டு கொக்கி, சுற்றாது, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் வீசும். கிட்டுசாமி இரண்டையும் இறக்கி அவள் முன் சாய்த்து வைத்துவிட்டு பைப் வளைக்கப் போய்விட்டார். அவர் முன்னே கிரைண்டருக்கு ஸ்டாண்டு செய்தவர், பிறகு ஜிம்முக்கு பெஞ்சு செய்தவர். நாலு வருடம் முன்பு பிரெஸில்லா மிஸ் வளைந்துபோன வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை நிமிர்த்தித் தருவீர்களா என்று கேட்டதிலிருந்து வளையமும் செய்கிறவர். பிரெஸில்லாவுக்கு இருபத்தாறு வயது. சுகந்தி அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள், அவள் சுகந்தியை ஆன்ட்டி என்பாள், இதில் யாருக்கும் குழப்பமில்லை. அவிநாசி சாலையில் ஒரு மாடியில் வகுப்பு. அண்ணன் மகள் கூட்டிப்போனதால்தான் போனாள். தோள்பட்டை இறுகிப்போய்த் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கை தூக்க முடியாமல் இருந்த காலம். அண்ணன் மகள் இரண்டே வாரத்தில் கை வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். வலியோடு போனவள் நிற்கவில்லை. முதல்முறை முழங்காலை வளையத்தில் கொக்கிபோல மாட்டிக் கையை விட்டுத் தலைகீழாகத் தொங்கியபோது ரத்தமெல்லாம் முகத்துக்கு இறங்கி, காதுக்குள் கும்மென்று ஒரு சத்தம் வந்து, அந்தச் சத்தத்துக்குள் மற்ற எல்லாச் சத்தமும் போய் அடங்கிவிட்டது. ஏழெட்டு நொடி இருக்கும். அந்த ஏழெட்டு நொடியும் அவள் எதையும் நினைக்கவில்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று இறங்கி வந்து கணக்குப் போட்டுப் பார்த்து, பயந்துபோய், அடுத்த வாரமும் போனாள். பதினோரு மாதம். முழங்காலுக்குப் பின்னால் கன்றிப்போய் நீலமாகும். அக்குளுக்குக் கீழே தோல் உரியும். வேலை செய்யும் இடத்தில் பானுமதி ஒருநாள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா, எங்கிட்டச் சொல்லலாம் என்றாள். கணவன் தனபாலிடம் அதைச் சொன்னபோது அவன் தோசையைப் பிய்த்த கையோடு விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல மனிதன். சிரித்துவிட்டுக் கொஞ்சநேரம் கழித்து, வலிக்குதா என்று கேட்டான். இப்போது பிரெஸில்லா கல்யாணமாகி பெங்களூரு போகிறாள். மாடியைக் காலி செய்கிறாள். இந்த மாதத்தோடு சரி. வேறு இடம் கோயம்புத்தூரில் சுகந்திக்குத் தெரிந்து இல்லை. வீட்டில் மாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அந்த ஏழெட்டு நொடி போனதுதான்.

மனசுக்குப் பிடித்தது இரட்டைக் காது. வகுப்பில் மூலையில் ஒன்று தொங்கும், அதில்தான் அவள் முதலில் ஏறுவாள். இரண்டு கயிற்றுக்கும் நடுவே ஏறி நின்று வீசிவிட்டால் முகத்தில் காற்று வந்து வந்து போகும். ஒற்றையில் சுற்றினால் அவளுக்குக் கொஞ்சம் குமட்டும், இறங்கி சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அவள் கேட்டு வந்தது ஒற்றைக் காது. கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் கொக்கி ஒன்றுதான். அங்கே போய் முட்டிக்கொண்டு யோசனை மறுபடி பின்னால் வந்தது. அவள் காதையே பார்த்தாள். வெல்டிங் தழும்பு மீன்செதில்போல வரிவரியாக இருந்தது. நல்ல வெல்டிங். நூல் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக அவளுக்கு வேலையே எது எந்த இடத்தில் அறும் என்று பார்ப்பதுதான். ஒரு முழ நூலை மேலும் கீழும் கவ்வியில் கடிக்கவிட்டு பொத்தானை அழுத்தினால் இயந்திரம் இழுக்கும், இழுக்கும், பட்டென்று போய்விடும்; திரையில் எண் வரும், எழுதிக்கொள்வாள். எந்த நூலும் சராசரியில் அறுவதில்லை, மெலிந்த இடத்தில்தான் அறுகிறது. மீதி முழுக்க எவ்வளவு முறுக்காக இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஒரு வீட்டிலும் மெலிந்த இடம் ஒன்று இருக்கும், அதில் பாரம் ஏற்றாமல் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம், அவளும் தனபாலும் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளே போய் அந்த இடத்தில், நிஜமாகவே, ஐம்பத்தெட்டு கிலோவைத் தொங்கவிடப் போகிறாள்.

“எங்க மாட்டப் போறீங்க அம்மணி?” கிட்டுசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டில்தான் என்றாள். “வீட்டுலதான், அது தெரியுது. எதுல?” கொக்கி இருக்குதுங்ணா. “ஃபேன் கொக்கிங்களா?” இல்லைங்ணா, வேற கொக்கி, ரூஃப் போடும்போதே வெச்சது. “போட்டோ இருக்குதா?” இல்லை. கிட்டுசாமி முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “கோவிச்சுக்காதீங்க. போன வருசம் ஒரு புள்ள வாங்கிட்டுப் போயி ஃபேனக் கழட்டிட்டு அந்தக் கொக்கில மாட்டிருச்சு. கொக்கியோட சேந்து கீழ வந்து இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு. அதுலருந்து நானு கொக்கியப் பாக்காம வளையம் குடுக்கறதில்ல. உங்களுக்குன்னு இல்ல, யாரு வந்தாலுந்தான். வீட்டுல ஆளு இருந்தாப் போன் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கம்பி என்ன தடிமன், எப்புடிக் கட்டியிருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க, நான் ஒரு டீ சொல்றேன்.” வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு. பிரெஸில்லாவும் அப்படித்தான். முதல் வகுப்பில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்ததே அதுதான்: முதல்ல கண்ணு, அப்புறம் கை. மேலே பார்க்க வேண்டும், உத்தரத்துக் கொக்கி, கொக்கியில் பூட்டு, பூட்டில் கயிறு, கயிற்றில் வளையம், ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கி வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பதினோரு மாதத்தில் ஒருநாள் கூட சுகந்தி அதைத் தவறவிட்டதில்லை. வகுப்பிலேயே ஒழுங்காக மேலே பார்ப்பது ஆன்ட்டிதான் என்று பிரெஸில்லா மற்றவர்களிடம் சொல்வாள்.

தனபால் வீட்டில்தான் இருந்தான். சனிக்கிழமை, சைட்டுக்கு லீவு, இந்நேரம் ஒரு வாரச் சட்டையையும் தேய்த்துக்கொண்டிருப்பான். தேய்க்கிற மேஜை இருப்பது சின்ன அறையில். அதாவது கொக்கிக்கு நேர் கீழே. அவன் நிமிர்ந்து ஒரு படம் எடுத்தால் போதும், அரை நிமிட வேலை. ஆனால் அதற்கு அவள் வாயைத் திறந்து கொக்கி என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை அந்த வீட்டில் புழங்கிப் பதினோரு வருடம் இருக்கும். ஃபேன் கொக்கி, சட்டைக் கொக்கி எல்லாம் புழங்கும், அது இல்லை. பதினாலு வருடம் முன்னால் ரூஃப் போடுகிற அன்று காலையில் மேஸ்திரி, தொட்டில் கொக்கி எங்க வைக்கட்டுங்க என்று தனபாலைக் கேட்டார். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான், கொட்டின பிறகு வைக்க முடியாதல்லவா. ஊருக்கெல்லாம் கட்டடம் கட்டுகிற தனபாலுக்கு அன்றைக்கு மட்டும் வெட்கம் வந்துவிட்டது. அவகிட்டயே கேளுங்க என்றான். கல்யாணமாகி ஒரு வருடம், அவளுக்கு இருபத்தேழு. ஏணியில் ஏறி, கம்பிகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய், எந்தப் பக்கம் ஜன்னல் வருகிறது, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் காற்று எப்படி உள்ளே நுழையும் என்றெல்லாம் பெரிய இன்ஜினீயர்போல யோசித்து, கீழே பலகையில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். இங்க. காத்து படணும், மூஞ்சில நேரா அடிக்கக்கூடாது. பதினாறு மில்லி கம்பியை வளைத்துத் தனபாலே கட்டினான். தொட்டிலுக்கு எட்டு மில்லி போதும், இவன் பதினாறு போட்டான். பலகை பிரித்தபோது காங்கிரீட்டில் அவளுடைய குறி லேசாகப் பதிந்திருந்தது, நடுவில் கொக்கி. பிறகு பூச்சு வந்து குறியை மூடியது. கிரகப்பிரவேசத்தன்று அவனுடைய சித்தி அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்து, கொக்கி ரெடி, இனி ஆள் வர்றதுதான் பாக்கி என்று சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. சுகந்திதான் அதிகமாகச் சிரித்தாள்.

அப்புறம் யாரும் அதைச் சொல்லவில்லை, பார்த்தார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் சின்ன அறை வாசலில் நின்றதும் கண் மேலே போகும், உடனே கீழே இறங்கி அவள் முகத்துக்கு வரும், அங்கிருந்து அவள் வயிற்றுக்கு. மூன்றாவது வருடத்தில் அந்தப் பார்வைக்குள் ஒரு கேள்வி இருந்தது. ஆறாவது வருடத்தில் கேள்வி போய் இரக்கம் வந்தது, அதற்குக் கேள்வியே தேவலை. ஆஸ்பத்திரி, ஊசி, ஸ்கேன் மேஜையின் குளிர், வெளியே பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தனபால். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சிக்னலில் நிற்கும்போது, போதுங்க, வீட்டுக்குப் போலாம் என்றாள். அவன் வண்டியைத் திருப்பினான். அதற்குப் பிறகு அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், இது பொய்யில்லை. படத்துக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சின்ன அறையில் துணி தேய்க்கிறார்கள். அவள் மட்டும் அந்த அறைக்குள் நுழையும்போது தலையைக் குனிந்துகொள்வாள். நிலை உயரமானதுதான், இடிக்காது. முதலில் வேண்டுமென்றே குனிந்தாள், பிறகு அதுவே பழகிவிட்டது. பார்க்காவிட்டாலும் கொக்கி எங்கே என்று உடம்புக்குத் தெரியும். ஜன்னல் சுவரிலிருந்து நாலடி, கதவிலிருந்து ஐந்தடி, தேய்க்கும்போது இடது தோளுக்கு மேலே. இப்போது அதில் வளையம் மாட்டலாம் என்று எப்படித்தான் தோன்றியதோ. பிரெஸில்லா காலி செய்கிறேன் என்று சொன்ன அன்று பஸ்ஸில் வரும்போது, கொக்கிக்கு எங்கே போவது என்று நினைத்த அதே நொடியில் இடது தோளுக்கு மேலே அது இருந்தது. பதினாறு மில்லி, யானையைக் கட்டலாம். சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதற்காகவே வெட்கமும் வந்தது. வராத குழந்தையின் இடத்தில் நாற்பத்தொரு வயதுக்காரி ஏறி உட்கார்ந்துகொள்வதா. உட்கார்ந்தால்தான் என்ன, அது வரவில்லையே, இடம் சும்மாத்தானே கிடக்கிறது. சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவைத்தது மரியாதையா, பயமா. தனபால் என்ன நினைப்பான். அவன் வளைத்த கம்பி. அவன் அந்த அறையில் நின்று தேய்க்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பானோ என்னவோ, அவள் பார்த்ததில்லை, அவன் பார்க்கிறானா என்று பார்ப்பதற்கும் அவள் நிமிர வேண்டுமே. அதனால்தான் வளையத்தை வாங்கி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வந்தாள். வளையம் பாக்கப் போறேன் என்று மட்டும் சொன்னாள். எங்கே மாட்டுவது என்று அவனும் கேட்கவில்லை. கட்டடக்காரன், கேட்டிருக்க வேண்டும். கேட்காமலிருந்ததுதான் இப்போது உறுத்தியது.

டீ வந்தது, ஏடு கட்டியது. கிட்டுசாமி தூரத்திலிருந்து அவளைப் பார்த்து, போன் பண்ணியாச்சா என்று கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதில் வைத்துக் காட்டினார். வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து போய்விடலாம். இன்னொரு நாள் என்று போனால் வரமாட்டாள், அது அவளுக்குத் தெரியும். இந்த மாதத்தில் இன்னும் இரண்டு வகுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு தோள் மறுபடி இறுகும், எண்ணெயை இடது கையால் வைத்துக்கொள்ளலாம், பெண்கள் எவ்வளவோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். காதுக்குள் அந்தக் கும்மென்ற சத்தம் இல்லாமல் இருந்துகொள்ளலாம். முடியாது என்று தோன்றியது. அழுகை வரும்போல இருந்தது, வளையத்துக்காக யாராவது அழுவார்களா என்று எரிச்சலும் வந்தது. எரிச்சல் போவதற்குள் போனை அழுத்திவிட்டாள்.

“சொல்லு,” என்றான் தனபால். பின்னால் இஸ்திரிப் பெட்டி நீராவி விடுகிற சத்தம்.

“ஏனுங்க, சின்ன ரூம்லதான் இருக்கீங்களா?”

“ஆமா. உன்ற நீலச் சுடிதாரையும் சேத்துத் தேச்சறட்டா?”

“தேய்ங்க. அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இங்க கேக்கறாங்க.” டீயை ஒரு வாய் குடித்தாள், ஆறிப்போயிருந்தது. “அந்தக் கொக்கிய. மேல இருக்குதில்ல, நம்ம தொட்டில் கொக்கி. அதுல மாட்டலாம்னு.”

இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைக்கிற சத்தம் கேட்டது. பட்டறையில் யாரோ கிரைண்டர் பிடித்தார்கள், நிறுத்தினார்கள். அவள் காத்திருந்தாள். கோபித்துக்கொள்வான், அல்லது சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். இரண்டில் எது என்றாலும் சொல்லியாகிவிட்டது.

“போட்டோ எடுக்க அங்க ஒண்ணும் இல்லையே சுகந்தி,” என்றான்.

“இல்லைன்னா?”

“நான் வெட்டிட்டேன்.”

“எப்ப?”

“நீ திருப்பூர் போயிருந்தியே, உங்கண்ணன் புள்ள சீருக்கு. பெயின்ட் அடிச்சுட்டிருந்தாங்க. நாந்தான் கிரைண்டரப் புடிச்சு அறுத்தேன். புட்டி வெச்சு ரெண்டு கோட்டு அடிச்சாச்சு.”

திருப்பூர் சீர் நடந்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் எங்கே போயின என்று சுகந்திக்குச் சட்டென்று பிடிபடவில்லை. “ஏன்?” என்று கேட்டாள், கேட்டிருக்கத் தேவையில்லை.

“நீ தலையக் குனிஞ்சுக்கிட்டே உள்ள போவ. பாத்துட்டே இருக்க முடியல. நீ வந்து பாத்துட்டுக் கேப்பேன்னு நெனச்சேன். வந்த அன்னைக்கே சேலையெடுக்க உள்ள போன. திரும்பி வந்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்ன. வேற ஒண்ணுமே சொல்லல. சரி, கோவமாட்ட இருக்குது, இல்ல, பேச வேண்டாம்னு நெனைக்கறியாட்ட இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்.”

“நான் பாக்கவே இல்லீங்க,” என்றாள்.

“என்னது?”

“மேல பாக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் பாக்கல. இருக்குதுன்னுதான் நெனச்சுட்டிருக்கறேன்.”

மூன்று வருடமாக இல்லாத ஒன்றுக்கு அவள் தலை குனிந்திருக்கிறாள், அவள் கோபமாக இருக்கிறாள் என்று அவன் இல்லாத கோபத்துக்குக் கீழே நின்று சட்டை தேய்த்திருக்கிறான். உப்பு அன்றைக்கு நிஜமாகவே ஜாஸ்திதான், அதைச் சொல்லத்தான் செய்தாள், வேறெதுவும் அதில் இல்லை. ஊரான் கட்டடத்தில் வாரத்துக்கு இரண்டு தரம் ஏறுவதற்கு முன்னால் கொக்கியைப் பார்த்தவள், சொந்த வீட்டில் ஒருநாள் கழுத்தைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. என்னைக் கேட்காமல் எப்படி அறுக்கலாம், நான் குறி போட்ட இடம் அது என்று கோபமும் வந்தது. வந்த வேகத்திலேயே, புட்டி வைத்து இரண்டு கோட்டு அடித்திருக்கிறான், அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்திருக்கும் என்று தோன்றியது. இடது தோளுக்கு மேலே இருந்தது இப்போது இல்லை. அங்கே நினைப்பைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தாள், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. அவள் அழுதாள். சத்தமில்லாமல், முக்காலியில் உட்கார்ந்து, கிட்டுசாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“அழறியா?” என்றான்.

“இல்ல. ஆமா.”

“தப்புப் பண்ணிட்டனா?”

“தெரியலீங்க. சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்.”

“ம். செஞ்சிருக்கலாம்.” பிறகு வேறு குரலில், சைட்டில் பேசுகிற குரலில், “வளையம் எத்தன கிலோ?” என்று கேட்டான். சொன்னாள். “நீ சுத்துவ, வீசுவ. சிலாப்புல இனிமே தொளை போட்டு எதையும் வெக்கறது எனக்கு நம்பிக்கையில்ல. ஹால்ல பீம் ஓடுது பாரு, அதச் சுத்தி இரும்புப் பட்டை போட்டுக் கொக்கி வெக்கலாம். அசையாது.”

“ஹால்லயா? வர்றவங்க எல்லாம் பாப்பாங்க.”

“பாக்கட்டுமே. என்ன இப்போ.” அப்புறம் அவன் கேட்டான்: “கொக்கி ஒண்ணு வேணுமா, ரெண்டா?”

சுகந்தி எதிரே சாய்த்து வைத்திருந்த இரண்டு வளையங்களையும் பார்த்தாள். “ரெண்டு,” என்றாள்.

“எந்த எடத்துலன்னு நீ வந்து சாக்கட்டில குறி போட்டுக் குடு. நீ போட்டப்புறந்தான் நான் பட்டை அடிக்கச் சொல்லுவேன்.” வைத்துவிட்டான். உடனே போன் மறுபடி அதிர்ந்தது. அவள் கேட்டாளே என்று படத்தை எடுத்து அனுப்பியிருந்தான். கேட்டதைச் செய்துவிடுவான், அதில் குறை சொல்ல முடியாது. வெள்ளையாக ஒரு மேற்கூரை. ஒரு மூலையில் ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். அவள் விரலால் பெரிதாக்கினாள். நாலடி, ஐந்தடி, அந்த இடத்துக்கு வந்து நின்றாள். இன்னும் பெரிதாக்கினாள். பூச்சு ஒரே மட்டமாக இருந்தது. நல்ல வேலைக்காரன், தடம் தெரியாமல் செய்திருந்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் வீட்டு மேற்கூரையை ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று நினைத்தாள்.

கிட்டுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, அவள் முகத்தைக் கவனிக்காததுபோலப் போனை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கமாகச் சாய்த்தார், தூர வைத்துப் பார்த்தார். “இதுல ஒண்ணுமே இல்லையே அம்மணி,” என்றார்.

“ஆமாங்ணா, இல்ல,” என்றாள் சுகந்தி. “புதுசாத்தான் வெக்கணும். வீட்டுக்காரர் ஹால் பீம்ல வெச்சுத் தர்றேன்னாரு, வெச்சப்புறம் போட்டோ அனுப்பறேன். நீங்க ரெட்டைக் காதே அடிச்சு வெச்சிருங்க.” அவர் தரையில் எழுதியிருந்த எண்பத்திரண்டுக்குப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார். அவள் அந்தச் சாக்கட்டியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.